பொன்னாச்சியை அழைத்தீர்களா?

கோயம்புத்தூருக்குப் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டம்ளர் சிறுவாணித் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஆகா, இதுவல்லவா தண்ணீர்!" என்பார்கள். பேரூரில் பட்டீசுவரரைத் தரிசனம் செய்வார்கள். மருதமலைப் படிகளில் பாதி தூரம் ஏறிவிட்டு, மீதியை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். மறுநாள் காலையில் மேட்டுப்பாளையம் சென்று நீலகிரி ரயிலில் ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடுவார்கள்.

நானும் இதையெல்லாம் செய்து, இதையெல்லாம் எழுதுவதென்ற உத்தேசத்துடன்தான் புறப்பட்டேன். ஆனால் ஆர்.எஸ். புரத்தில் என் அக்கா வீட்டுக்குள் கால் வைத்ததுமே ஒரு வழக்கு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த வழக்குக்குத் தீர்ப்புத் தேடி, காங்கேயத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு ராத்திரி கண் விழித்தேன். அதனால் மருதமலையைப் பற்றி இன்னொரு சமயம் பார்த்துக் கொள்ளலாம்.

வழக்கைக் கொண்டுவந்தவள் அக்கா மகள். கல்லூரிப் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மாலையானால் அவளுடைய சிநேகிதர்கள் நான்கு பேர் வந்து சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விடுகிறார்கள். ராத்திரி பத்து மணி வரையில் எழுந்திருப்பதில்லை. முதலில் நான் சீட்டுக் கச்சேரி என்றே நினைத்தேன். மேஜை மேல் சீட்டைக் காணோம். காகிதம், பென்சில், ஒரு தட்டு முறுக்கு, பிறகு சோழி மாதிரி உருட்டுவதற்குப் பகடைகள். அதில் ஒரு பகடைக்கு இருபது முகம்! நம் தாயக்கட்டைக்கு நான்கு முகம்தானே?

இது ஒரு கதை ஆட்டம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கிய இது, 1974-ஆம் வருஷம் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் அச்சாகி வெளிவந்தது. இப்போது உலகமெல்லாம் ஆடுகிறார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவன் போர்வீரன், ஒருத்தி மந்திரவாதி, இன்னொருத்தி வைத்தியச்சி, மற்றொருவன் ஒற்றன். "எதிரே ஒரு பாழடைந்த கோட்டை. என்ன செய்கிறீர்கள்?" என்று கதை சொல்கிறவர் கேட்பார். அவரவர் பாத்திரம் என்ன செய்யுமென்று அவரவர் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். வாராவாரம் நம் பத்திரிகைத் தொடர்கதை போலத் 'தொடரும்' போட்டு, மாதக் கணக்கில் ஓடும்.

இவர்களுடைய கதை எட்டு மாதம் ஓடியிருக்கிறது. கதை சொல்கிறவள் என் அக்கா மகள். இப்போது அது முறிந்து போகும் நிலையில் இருந்தது.

"ஒற்றனாக வருகிறவன் இருக்கிறானே சித்தி, எங்கே போனாலும், 'நான் மட்டும் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்' என்கிறான். போகட்டும், ஒற்றன் போகத்தானே வேண்டும்? ஆனால் அவன் போய் வர முக்கால் மணி நேரம். அதுவரை நானும் அவனும்தான் பேசுகிறோம். மற்ற மூன்று பேரும் கைப்பேசியைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தனியாகப் போகாதே என்றால் அவனுக்குக் கோபம். விட்டால் மற்றவர்களுக்குக் கொட்டாவி."

"யாராவது வாயைத் திறந்து குறை சொன்னார்களா?"

"அதுதான் இல்லை. வைத்தியச்சியாக வருகிற பெண் ரொம்பச் சாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'அடுத்த வாரம் எனக்கு வேலை இருக்கிறது' என்றாள். மூன்று வாரமாக வரவில்லை. என்னுடன் பள்ளிக்கூடத்திலிருந்து படித்தவள், சித்தி."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆட்டத்தைப் பற்றிய வழக்கு இல்லை இது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சகோதரிகளே, இது உங்களுக்கும் தெரிந்த சங்கடம்தான். நவராத்திரிக் கொலுவில் ஒரு பெண் வரிசையாக ஏழு கிருதிகள் பாடுகிறாள். நன்றாகத்தான் பாடுகிறாள். சுண்டல் ஆறிப் போகிறது. மூலையில் ஒரு சிறுமி தான் கற்ற ஒரே கீதத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக் கொண்டே இருந்துவிட்டு, பாடாமலே குங்குமம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். பாடுகிறவளை நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை. அந்தச் சிறுமியைப் பார்க்கவும் சகிக்கவில்லை.

நான் விழித்துக்கொண்டிருந்தபோது, அக்காவுக்குச் சமையலில் ஒத்தாசை செய்யும் அம்மாள் உள்ளேயிருந்து வந்தார். காங்கேயத்துப் பக்கத்துக்காரர்.

"ஏனுங் அம்மிணி, எங்கூர்ல இந்த வாரம் அண்ணமார் கதை பாடறாங்க. அந்தக் காலத்துல பதினெட்டு ராத்திரி பாடுவாங்க. அதுலயும் சங்கரு தனியாத்தான் போவாரு, வருவாரு. ஒரு சனம் எந்திரிச்சுப் போகாதுங்க. வந்துதான் பாருங்களேன்" என்றார்.

மறுநாள் மத்தியானம் சிங்காநல்லூரில் அவருடன் பஸ் ஏறிவிட்டேன்.

சூலூர் தாண்டிப் பல்லடம் வரும் வரையில் விசைத்தறிச் சத்தமும் கோழிப் பண்ணைகளும். அப்புறம் பூமியின் நிறமே மாறுகிறது. இரு புறமும் கிளுவை முள் வேலி, வேலிக்குள்ளே கொறங்காடு. மழையை மட்டும் நம்பி விட்ட மேய்ச்சல் நிலத்துக்கு அந்தப் பெயர். அங்கங்கே குடை பிடித்த மாதிரி வெள்வேல மரம். மரத்தடியில் திமில் நிமிர்ந்த காங்கேயம் மாடு, "நீ யார்?" என்று கேட்பது போல் நம்மைப் பார்க்கிறது. பங்குனி வெயிலில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. அழகு என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற பச்சை எதுவும் அங்கே இல்லை. இருந்தும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே பார்த்துக் கொண்டே போனேன்.

ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அங்குள்ளவர்கள் கேட்டுக் கொண்டார்கள். சமையல்கார அம்மாளின் தம்பி வீட்டில் ஜாகை. சந்தகைக்குத் தேங்காய்ப் பால் ஊற்றிச் சர்க்கரை போட்டு, போதும் போதும் என்றாலும் கேட்காமல் இலையை நிரப்பினார்கள். ஒன்பது மணிக்குக் கோயில் திடலுக்குப் புறப்பட்டோம்.

அண்ணன்மார் என்பது பொன்னர், சங்கர் என்ற இரண்டு சகோதரர்கள். பொன்னி வளநாட்டை ஆண்ட குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரை நாச்சியாருக்கும் பிறந்தவர்கள். பொன்னர் நிதானஸ்தர், சங்கர் கத்தியும் கையுமாக இருக்கிறவர். இவர்களுக்கு ஒரு தங்கை, அருக்காணித் தங்காள். நடக்கப் போவது அவளுக்குக் கனவில் முன்கூட்டியே தெரிந்துவிடும். வேட்டுவர்களுடன் பகை, கொம்பன் என்ற காட்டுப் பன்றி, கடைசியில் படுகளம். 2011-ல் 'பொன்னர் சங்கர்' என்று சினிமாவாக வந்ததைச் சிலர் பார்த்திருப்பீர்கள். கலைஞர் கருணாநிதி எழுதிய நாவலை வைத்து எடுத்தது. சினிமாவை நினைத்துக்கொண்டு இந்தத் திடலுக்குப் போகாதீர்கள். இங்கே இருப்பது ஒரு விளக்கு, ஒரு ஜமக்காளம், இரண்டு மனிதர்கள், ஓர் உடுக்கை. அவ்வளவுதான்.

இந்தக் கதையைத் தேடிக்கொண்டு அறுபது வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். பிரெண்டா பெக் என்று பெயர். காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் ஜாகை போட்டுக்கொண்டு, 1965-ல் ராமசாமி என்ற பாடகரும் துணைக்குப் பழனிசாமி என்பவருமாக ராத்திரி ராத்திரியாகப் பாடியதை நாடாக்களில் பதிவு செய்தார். அந்தக் கதையைப் பற்றி 1982-ல் ஆங்கிலத்தில் அவர் எழுதிய புத்தகத்துக்கு என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'மூன்று இரட்டையர்'! இரட்டையர் எப்படி மூன்று பேராக முடியும்? ஊரெல்லாம் அண்ணன்மார் கதை என்று சொல்லும்போது, கூடவே பிறந்த தங்காளை அவர் கணக்கில் சேர்த்துவிட்டார். எனக்கு அந்தத் தலைப்பு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இப்போதெல்லாம் பதினெட்டு ராத்திரிக்கு யாருக்குச் சாவகாசம்? அந்த ஊரில் மூன்று ராத்திரியில் முடித்துக் கொள்கிறார்கள். நான் போனது இரண்டாவது ராத்திரி. பன்றி வேட்டைக் கட்டம்.

பாடகர் உடுக்கையைக் கையில் எடுத்தார். கொஞ்ச தூரம் பாட்டு, கொஞ்ச தூரம் பேச்சு, மறுபடி பாட்டு. பக்கத்தில் இருந்த பின்பாட்டுக்காரரைத்தான் நான் கவனிக்க ஆரம்பித்தேன். பாடகர் ஓர் அடி பாடினால் இவர் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார். பேச்சு வரும்போது, "ஆமா", "அப்புறம்?", "அட, அப்படியா சங்கதி!" என்று ஊருக்காக இவரே கேட்கிறார். பாடகர் தங்காளாகப் பேசினால் இவர் அண்ணனாகப் பதில் சொல்கிறார். சங்கர் மட்டும் தனியாகக் காட்டுக்குள் போகிற இடம் வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வழக்கு விசாரணையல்லவா?

சங்கர் பத்து நிமிஷம் நடந்தார். புதரில் ஏதோ சலசலப்பு. கை வேல் மேல் போயிற்று. அந்த இடத்தில் பாடகர் உடுக்கையை 'டக்'கென்று நிறுத்தினார். "அங்கே அரண்மனையிலே தங்காளுக்கு என்ன கனவு?" என்று பின்பாட்டுக்காரரைக் கேட்டார். கதை ஊஞ்சலுக்குப் போய்விட்டது! பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஒரு சலனம். தூங்கி வழிந்து கொண்டிருந்த பாட்டி ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து கொண்டாள். சங்கர் வேலைப் பிடித்தபடி புதர் ஓரத்தில் நிற்கிறார். அதை ஒருவரும் மறக்கவில்லை. ஆனால் இப்போது முறை தங்காளுடையது.

நடுநிசியில் பாடகர்கள் காபி குடிக்க நிறுத்தியபோது, மெதுவாக என் சந்தேகத்தைக் கேட்டேன். "ஒருத்தரையே பாடிக் கொண்டிருந்தால் மற்றவர்களுக்குச் சலிக்காதா?"

பாடகர் சிரித்தார். "சங்கரு காட்டுக்குத் தனியாத்தான் போறாருங்க. நான் தனியாப் போறதில்லீங்களே! இவரு கூடவே வர்றாரு" என்று பின்பாட்டுக்காரரைக் காட்டினார். "இவரு 'ஆமா' போடறதை நிறுத்திட்டாருன்னா, என்ர கதை அந்த எடத்துலயே நின்னு போகுமுங்க."

காபிக்குப் பிறகு வந்த கட்டத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை நேரம் துடித்துக் கொண்டிருக்கிறேன்.

அண்ணன்மார் வீட்டில் பொன்னாச்சி என்று ஒரு நாய்க்குட்டி. உள்ளங்கையில் அடங்கும். கொம்பனை வேட்டையாட அரண்மனையிலிருந்து ஆட்கள், ஈட்டிகள், வேட்டை நாய்கள் என்று எல்லாம் ஆரவாரமாகப் புறப்படுகின்றன. பொன்னாச்சியை யாரும் கூப்பிடவில்லை. வேண்டுமென்று விட்டுவிட்டதாகவும் கதை இல்லை; மறந்து போனார்கள். சாதுக்களுக்கு நேர்கிற கதிதானே! வாசலில் படுத்திருந்த பொன்னாச்சி, எல்லோரும் போவதைப் பார்த்தது. பிறகு ஒரு சாபம் போட்டது பாருங்கள்! போனவர்கள் காட்டில் ஒருவர் பின் ஒருவராக நோயில் சாய்ந்தார்கள். எழுந்து நிற்கக்கூட ஜீவன் இல்லை. ஏன் என்று யோசித்தபோதுதான், அழைக்காமல் வந்தவர் யார் என்று சங்கருக்கு ஞாபகம் வந்தது. ஆள் அனுப்பினார். மரியாதையுடன் அழைத்து வந்து, அந்தக் குட்டியிடம் அத்தனை பெரிய வீரர் மன்னிப்புக் கேட்டார்.

அப்புறம் யாராலும் நெருங்க முடியாத கொம்பனின் காலடியில் புகுந்து அடிவயிற்றைக் கவ்வியது பொன்னாச்சிதான். பெரிய நாய்களால் ஆகாத காரியம். அது உள்ளே புக முடிந்ததே அதன் அளவினால்தான். பன்றி தடுமாறிய சமயத்தில் சங்கரின் வேல் பாய்ந்தது.

ஜமக்காளத்தில் இருந்த குழந்தைகள் எல்லாம் கை கொட்டிக் கூத்தாடின. எனக்கோ ஆர்.எஸ். புரத்தில் மூன்று வாரமாகக் காலியாக இருக்கும் ஒரு நாற்காலி கண் முன் வந்து நின்றது.

அந்தத் திடலில் எல்லாமே எனக்கு உகந்ததாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். பறையடிக்கும் சாம்புகன் கூடவே இருந்து கஷ்டமெல்லாம் படுகிறான். ஆனால் அவன் பெயர் கதைத் தலைப்பில் இல்லை. வேட்டுவர்கள் தங்கள் திடலில் உட்கார்ந்து இதே கதையைப் பாடினால் கொம்பன் பொல்லாத பன்றியாகவா இருப்பான்? அவர்கள் வீட்டுப் பெண் செல்லமாக வளர்த்தது அல்லவா அது? எல்லோருக்கும் முறை கொடுக்கிற கதையிலும் முறை கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் ராத்திரி முடிந்து விடியும் வேளையில் படுகளம். இதை நான் விளையாட்டு என்று எழுதினால் அந்த ஊரார் என்னை மன்னிக்க மாட்டார்கள். விரதமிருந்த ஆண்கள், போர்க்களத்தில் மாண்ட வீரர்களாகத் தாங்களே விழுகிறார்கள். உடுக்கை ஓங்க ஓங்க, ஒருவர் உடம்பு நடுங்குகிறது. மரம் சாய்வது போல் மண்ணில் விழுகிறார். பிறகு இன்னொருவர். விழுந்தவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணியால் மூடுகிறார்கள். மணப்பாறைக்குப் பக்கம் வீரப்பூரில் மாசி மாதத்தில் பெருந் திரளாக நடக்கும் விழாவின் சின்ன உருவம் இது. இங்கே கிடந்தவர்கள் பதினோரு பேர்.

என் பக்கத்தில் ஓர் அம்மாள், செம்பை இறுகப் பிடித்துக் கொண்டு நின்றிருந்தார்.

"என்ர பையனுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறான். ரண்டாவதா விழுந்தான். மூச்சு இருக்குதான்னே தெரியலைங்க" என்றார். வருஷா வருஷம் நடப்பதுதான். எழுந்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் கை நடுங்கியது.

தங்காளாக அருள் வந்த பெண் தீர்த்தத்துடன் வந்தாள். ஒவ்வொரு துணியாக விலக்கி, தண்ணீர் தெளித்து, பெயர் சொல்லி எழுப்பினாள். மொத்தமாகத் தெளிக்கவில்லை. அவசரப்படவும் இல்லை. ஒருவர் எழுந்து உட்கார்ந்து, கண் திறந்து, தன்னுடைய ஆட்களைத் தெரிந்து கொள்ளும் வரை அடுத்தவரிடம் போகவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எழுந்தவர்களும் வீட்டுக்குப் போகாமல் ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். அந்த அம்மாளின் மகன் கடைசிக்கு முந்தியவன். அவன் கண் திறந்ததும், அவர் செம்புத் தண்ணீரை அவன் வாயில் ஊற்றிவிட்டுத் தானும் குடித்தார். அப்போதும் யாரும் கலையவில்லை. இன்னும் ஒருவர் பாக்கி இருந்தார் அல்லவா?

கோவைக்குத் திரும்பி, அக்கா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சித்தி, எங்களுக்கு உடுக்கை அடிக்கத் தெரியாதே!" என்று கேலி செய்தாள். ஆனால் காகிதம் எடுத்து ஏதோ குறித்துக் கொண்டாள். அன்று சாயங்காலமே, அந்த ஒற்றனையும் அழைத்துக் கொண்டு, காங்கேயத்திலிருந்து நான் கொண்டுவந்த ஒப்புட்டில் பாதியை எடுத்துக் கொண்டு, சிநேகிதி வீட்டுக்குப் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து நாற்காலியும் நிரம்பியிருந்தன. ஒற்றன் வழக்கம் போல், "நான் மட்டும் முன்னால் போகிறேன்" என்றான். "போ" என்றாள் என் அக்கா மகள். ஆனால் கோட்டை வாசல் காவலாளியாகப் பேசும் வேலையைப் போர்வீரனிடம் கொடுத்துவிட்டாள். உள்ளேயிருக்கும் கிழவியாகப் பேசுவதை மந்திரவாதியிடம் கொடுத்தாள். அந்தக் கிழவி ஒற்றனைப் படுத்திய பாட்டில் மேஜையே குலுங்கியது. அவன் தாழ்ப்பாளில் கை வைத்த நேரத்தில் கதையை நிறுத்தி, வைத்தியச்சியின் பக்கம் திரும்பினாள். "அதே நேரத்தில் மரத்தடியில் நீ என்ன செய்து கொண்டிருக்கிறாய்?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் சமையலறை வாசலில் முறுக்குத் தட்டுடன் நின்று கொண்டிருந்தேன்.

"என் வைத்தியச்சி கோபமாக இருக்கிறாள்" என்றாள், மேஜையைப் பார்த்தபடி. "மூட்டையைக் கட்டி வைத்திருக்கிறாள். இனிமேல் யாருக்கு அடிபட்டாலும், வந்து கூப்பிட்டால்தான் மருந்து."

அவ்வளவுதான், ஒற்றன் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடி வந்தான். அவளைச் சமாதானம் செய்ய நான்கு பேருக்கும் அரை மணி நேரம் பிடித்தது. கோட்டைக் கதவை அன்று யாரும் திறக்கவில்லை. பத்தரை மணிக்கு, "தொடரும்" என்று சொல்லிப் பகடைகளைப் பையில் போட்டார்கள்.